கூரை பிரித்த பிறகு வந்த கட்டளை

கூரை வேலைக்கு யாராவது வந்து கூப்பிட்டால், வேலையை மொத்தமாக எடுத்துச் செய்கிற மற்றக் கொந்தராத்துக்காரர்கள் கம்பும் கயிறும் கணக்குப் போடத் தொடங்குவார்கள். எனக்கு முதலில் பயம்தான் வரும். மழை வந்தால் என்ன செய்வது, ஆள் விழுந்தால் என்ன செய்வது, தன் எல்லைக்குள் சாரம் ஊன்றினான் என்று பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தால் யாரிடம் போவது என்று, வேலை கைக்கு வருவதற்கு முன்பே நாலைந்து வழக்குகளில் தோற்றுப்போயிருப்பேன். வீட்டுக்காரி அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள்.

"உங்களுக்கு வேலை குடுக்குறவன் பாவங்க. அவன் கூரையைக் காட்டுறான், நீங்க மறியல் கம்பியைப் பாக்குறீங்க."

இவ்வளவு பயந்தவனுக்கு வரவேண்டிய ஒரு பயம் மட்டும் வராமல் போயிற்று. கட்டுகஸ்தோட்டை வீட்டைப் பற்றி எல்லாம் யோசித்தேன். அந்த வீடு யாருடையது என்று யோசிக்கவில்லை.

அது கோப்பி நன்றாக இருந்த காலம். கண்டிக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஹந்தானையிலும் பன்விலவிலும் மலை முழுக்கக் கோப்பி. அதைத் தொட்டவன் கையில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டவன் முதலில் செய்கிற காரியம், வீட்டுக் கூரையில் இருக்கிற புல்லைக் கழற்றிவிட்டு ஓடு போடுவது. அப்படித்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு வந்தது. அப்பா கடலுக்கு அக்கரையிலிருந்து கோப்பி பறிக்க வந்தவர். கண்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டு, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகின கையோடு தவறிப்போனார். அன்றோடு சிலேட்டை வைத்துவிட்டுச் சாந்துச் சட்டியைத் தூக்கினேன். சட்டி தூக்கினவன் சுவர் கட்டினான், சுவர் கட்டினவன் ஆள் வைத்து வேலை வாங்கினான், மேஸ்திரி என்ற அர்த்தத்தில் ஊர் என்னைப் 'பாஸ்' என்று கூப்பிடத் தொடங்கியது. தமிழ் வாசிப்பேன். இங்கிலீசில் எனக்குத் தெரிந்தது கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும்தான்.

கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரைத் தெருவில் ஒரு கோப்பி முதலாளி மௌத்தாகி, அதாவது இறந்து, இரண்டொரு மாதம் போயிருக்கும். அவருடைய மூத்த மகன் என்னைத் தேடி வந்தார்.

"பாஸ், உம்மா இத்தாவில ஈக்கிறாங்க. இந்த மழைக்கு அவங்கட அறை ஒழுகும். வாப்பா இருக்கவே மாத்தோணும் என்டு சென்ன கூரை. புல்லைக் கழட்டி ஓட்டைப் போட்டுத் தாங்க."

இத்தா என்றால், புருஷனை இழந்த முஸ்லிம் பெண் குறித்த காலம் முடியும் வரை வீட்டை விட்டு வெளியாகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது. எனக்கு உடனே பிடித்துக்கொண்டது கவலை. மேலே ஆள் ஏறினால் கீழே அவருடைய தாய் இருக்கிற அறை தெரியுமே. அதற்கு ஒரு வழி செய்தோம். வீடு இரண்டு பாகம். முன்னால் பெரிய கூடம், பின்னால் அந்த அம்மா இருக்கிற அறை, நடுவில் ஒரு மண்சுவர். முதலில் கூடத்தின் கூரையை மட்டும் பிரித்து ஓடு போடுவது. பிறகு அந்த அம்மா திரை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வர, அறைக் கூரையைப் பிரிப்பது. ஏணியில் கால் வைக்கும் முன் ஆட்கள் சத்தம் கொடுக்கவேண்டும். உள்ளேயிருந்து மூத்த மருமகள் "ஏறுங்க" என்று சொன்னால்தான் ஏறவேண்டும்.

வேலை தொடங்கமுன் மூத்தவர் என்னைக் கண்டியில் ஒப்பந்தம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கூட்டிப்போனார். அவர் இங்கிலீசில் எழுதி, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வேலை முடித்துக் கையில் கொடுக்கும் வரை வீட்டுக்கு வருகிற சேதம் எல்லாவற்றுக்கும் கொந்தராத்துக்காரன் பொறுப்பு, அதற்கு ஈடாக அவனுடைய காணித்துண்டு என்று ஒரு வரி வந்தது.

"ஐயா, எல்லாச் சேதமும்னா... இடி விழுந்தாலுமாங்க?"

"இடி விழாது. எல்லாக் கொந்தராத்திலயும் இருக்கிற வரிதான் இது. பயந்தா வேற ஆளைப் பார்க்கச் சொல்லவா?"

கையெழுத்துப் போட்டேன். மேட்டுத் தெருவுக்கு மேலே, நானும் வீட்டுக்காரியும் கல் பொறுக்கித் திருத்தின ஒரு துண்டுக் காணியும் அதில் ஒரு குடிசையும்தான் எங்கள் சொத்து. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"இடிக்கு ஈடு வச்சிட்டு வந்திருக்கீங்க. சாப்புடுங்க, இடியாச்சும் பயந்துகிட்டுப் போவும்" என்றாள்.

வேலை நன்றாகத்தான் போனது. அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. திரைக்குப் பின்னால் ஓதுகிற சத்தம் கேட்கும். மருமகள் கதவு இடுக்கில் நின்று அவருடைய பேச்சைக் கொண்டுவருவாள்.

"பாஸ், மாமி கேக்கிறாங்க, ஓடு கறுப்பா சிவப்பா என்டு."

"செவப்புங்க."

"கறுப்பு இல்லயா என்டு கேக்கிறாங்க."

"கறுப்புங்கிறது பாசி புடிச்ச பழைய ஓடுங்க. நாலு மழை போனா இதுவும் கறுத்துப்போவும்."

உள்ளே ஏதோ பேச்சு. பிறகு மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப மழை வரட்டும் என்டு செல்றாங்க. ஆணி அடிக்கிறத்தக் கொஞ்சம் மெதுவா அடிப்பாங்களாம், ஓத ஏலாம ஈக்காம்" என்றாள்.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, கொஞ்சம் முந்தி, கூடத்தின் புல் முழுக்க இறக்கியாகிவிட்டது. உளுத்த கைமரங்களையும் கழற்றிவிட்டோம். புது மரம் வாசலில் கிடந்தது. நடுச்சுவரின் தலை திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் சாக்குப் படங்கு போட்டு மூடலாம் என்று ஏணியை எடுத்தபோது, தெருவிலிருந்து யாரோ "நிப்பாட்டு!" என்று கத்தினார்கள். கோட்டுச் சேவகன், நீதிமன்றத்து ஆள். தோளில் பட்டி, கையில் கடுதாசி.

முதலாளியின் இளைய மகன் கண்டிக் கோட்டில் தடை வாங்கியிருந்தார். சேவகன் சிங்களமும் தமிழும் கலந்து விளங்கப்படுத்தினான். மூத்தவரும், கொந்தராத்துக்காரனும், அவனுடைய ஆட்களும் மறு கட்டளை வரும்வரை அந்த வீட்டில் எதையும் பிரிக்கக்கூடாது, கட்டக்கூடாது, கை வைக்கக்கூடாது.

"ஐயா, கூரை தொறந்து கெடக்குதுங்க. மூடிட்டு நிப்பாட்டிர்றேன்."

"மூடுறதும் கை வைக்கிறதுதான்."

"மழை வருதுங்களே."

"நான் உனக்குத்தான் கடுதாசி கொண்டாந்தேன். மழைக்குக் கொண்டாரல்ல."

அவன் போய்விட்டான். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் இன்னும் செத்தவர் பேர்தான் இருக்கிறது. பிள்ளைகள் பங்கு பிரிக்கவில்லை. மூத்தவர் கேட்டார், நான் ஏறிவிட்டேன். எங்கள் பக்கத்தில் தகப்பன் செத்தால் மூத்த மகன்தான் வீட்டுக்குப் பேசுவான். அவன் வெற்றிலை கொடுத்தால் வீடு முழுக்கக் கொடுத்த மாதிரி. அந்தப் பழக்கத்தில் நான் இன்னொருவரைக் கேட்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை. இதை வாசிக்கிறவர்களில் வீட்டுவேலை எடுக்கிறவர் இருந்தால், ஏணியைச் சாத்தமுன் அந்த வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று கேட்டு, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

அன்றைக்குப் பின்னேரமே இளையவர் வந்தார். கண்டி நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். தெருவிலேயே நின்று பேசினார்.

"பாஸ், உங்க மேல எனக்குக் கோவமில்ல. எங்கட மூத்த நானா என்னட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? இன்டைக்கு ஓடு போடுவார், நாளைக்கு வீடு நான் கட்டினது என்பார்."

"சரிங்க. இப்ப அந்தச் சொவருக்கு மேல ஒரு படங்கு மட்டும் போடணும். நீங்களே போடுங்க. நான் தூர நிக்கிறேன்."

அவர் சுவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் கை வெச்சா வேலைக்குச் சம்மதிச்ச மாதிரி ஆகுமாம். லோயர் செல்லிட்டார்" என்றார்.

"உள்ள உங்கம்மா இருக்காங்களே."

"என்ட வீட்டுக்குக் கூப்பிட்டேன். இத்தாவில வெளியாக மாட்டேன் என்டுட்டாங்க. நான் என்ன செய்ய?"

மண்சுவரின் பக்கவாட்டில் மழை அடித்தால் தாங்கும். தலையில் விழுந்தால் தாங்காது. உள்ளே மூங்கில் வரிச்சுக் கட்டினது, மேலே மண் அப்பினது. தண்ணீர் தலையிலிருந்து நடுவில் இறங்கிவிட்டால் மண் கூழாகும். அறைக் கூரையின் ஒரு பக்கம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவர் போனால் கூரையும் அந்த அம்மாவின் மேல் வரும். அவர் வெளியே ஓடவேண்டி வரும். நான் கையெழுத்துப் போட்ட வரியின்படி என் காணி போகும். கை வைத்தால் மறியல், சிறைதான். இதையெல்லாம் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு தெருவில் நின்றேன். தூறல் தொடங்கியது.

மறுநாள் கண்டிக்கு ஓடினேன். கோட்டுக்குப் பக்கத்தில் வழக்குப் பேசுகிற ஒரு புறக்டரிடம் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் பதறாமல் சொல்வார். அந்தப் பதறாமைதான் என்னைப் பதற வைத்தது.

"கட்டளையை மாத்தலாமோ எண்டு கேக்கிறீர். ஓம், மாத்தலாம். மனுப் போட்டால் மூட மட்டும் அனுமதி தருவினம்."

"இப்பவே போடுங்கய்யா."

"கோடு பூட்டியாச்சுக் காணும். நத்தார் லீவு. ஜட்ஜ் துரை நுவரெலியாவுக்குப் போயிட்டார்."

"அதுவரைக்கும் நான் என்னங்க செய்யிறது?"

"தொடாதையும். தொட்டால் கோட்டை அவமதிச்சதெண்டு மறியல்."

"தொடாம உட்டு வுழுந்துட்டா?"

"அது வேறை வழக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அந்த வழக்கிலை உமக்கு இடமிருக்கு. கட்டளையாலைதான் மூடேல்லை, மழையிலை கரைஞ்சுதான் விழுந்தது எண்டு காட்டினால் நீர் பொறுப்பில்லை. ஆனால் சாட்சி வேணும். கண்ணாலை கண்ட சாட்சி. மற்றவை என்ன சொல்லுவினம் தெரியுமோ? நீர் கைமரத்தைக் கழட்டேக்கை சுவரை ஆட்டிப்போட்டீர், அதாலைதான் விழுந்ததெண்டு. அதனாலை ஆக்களை நிப்பாட்டி வையும். சுவரையே பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லும்."

வருகிற வழியில் ஊர்த் தலைமைக்காரரைப் பிடித்தேன். கோட்டு விஷயத்தில் வாய் வைக்கமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். முந்தி ஹந்தானையில் ஒரு துரைக்கு பங்களா விறாந்தை திருத்திக் கொடுத்திருந்தேன், அவர் ஒரு வார்த்தை சொன்னால் யாராவது கேட்பார்களே என்று மலை ஏறினேன். துரை நத்தார் விருந்துக்குக் கண்டிக்கு இறங்கிவிட்டார் என்று பங்களாச் சமையல்காரன் அப்பு சொன்னான். அவரை வழியில் நான்தான் கடந்து போயிருக்கவேண்டும்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெப்பை வந்தார். அவரை மூத்தவர் அழைத்திருந்தார். வாசலில் நின்று உள்ளே கேட்கும்படி சொன்னார்: "வீடு இடியும் என்டு பயமிருந்தா வெளியாகலாம். மார்க்கத்தில அதுக்கு இடம் ஈக்குது."

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா தானே பேசினார். முதன்முதலாக அவர் குரலை அன்றுதான் கேட்டேன். மெல்லிய குரல், ஆனால் நடுக்கமில்லை.

"இடிஞ்சா வெளியாகிறேன். இன்னம் இடியல்லயே."

லெப்பை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மூத்த மருமகளுக்குத்தான் யோசனை வந்தது. கதவு இடுக்கில் வந்து கேட்டாள்.

"பாஸ், அந்தக் கடுதாசில எங்கட பேர் ஈக்கா?"

"உங்க பேரு இல்லீங்க. உங்க புருஷன் பேரு, என் பேரு, என் ஆளுங்க."

"அப்ப நாங்க போட்டா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததால் அவள் செய்துவிட்டாள். கோப்பி காயப்போடுகிற களத்துப் படங்கை வீட்டுப் பெண்கள் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். மேசைமேல் கதிரை, கதிரைமேல் மருமகள். நான் தெருவில் நின்று கத்தினேன்.

"வலப்பக்கம் இன்னும் இழுங்க!"

"வலம் என்டா எங்கட வலமா, உங்கட வலமா?"

"ஆத்துப் பக்கம்! ஆத்துப் பக்கம்!"

"ஆறு எங்களுக்குத் தெரியல்ல, சுவர்தானே தெரியுது!"

தெருவில் கோப்பி வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவன் முடிச்சு எப்படிப் போடுவது என்று தன் மாட்டுக் கயிற்றிலேயே செய்து காட்டினான். சுவர் மறைத்துக்கொண்டிருக்க அவளுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு மாதிரி மூடினார்கள். நான் மூச்சு விட்டேன். இளையவர் அன்றைக்கும் வந்திருந்தார்.

"பாஸ், கை வைக்கல்ல, சரி. இப்ப நீங்க வாயால வேலை செய்றீங்க."

அதற்குப் பிறகு வாயையும் மூடிக்கொண்டேன். அடுத்த காற்றில் படங்கின் ஒரு மூலை அவிழ்ந்தது. அவிழ்ந்ததைப் பார்த்தேன், எந்த முடிச்சு தளர்ந்தது என்றும் தெரியும், அதைச் சொல்லக்கூட முடியவில்லை. மூலை அவிழ்ந்த படங்கு மழைத்தண்ணீரை வாங்கிச் சுவரின் தலைக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது. போடாமலே விட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

கிளாக்கர் சொன்னபடி சாட்சிகளைச் சேர்த்தேன். என் ஆட்கள் மூன்று பேர், எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்காரர், பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறியதால் போகமுடியாமல் நின்ற கோப்பி வண்டிக்காரர்கள். "சொவரையே பாருங்க, கண்ணை எடுக்காதீங்க" என்று ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னேன்.

"என்னா பாஸ், சொவரு ஆடுமா?" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"ஆடுதான்னு பாக்கத்தான் சொல்றேன்."

"ஆடுனா காசு தருவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மழை இறங்கியது. ஆற்று மேட்டிலிருந்து கோணி போர்த்திக்கொண்டு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பகல்தான், ஆனால் விளக்கு வைக்கிற வேளை போல இருட்டியிருந்தது. மூத்தவர் வாசலில். இளையவர், யாரும் கேட்காமலே, தன் கூண்டு வண்டியோடு தெருவில். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடுச்சுவரின் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. அது மண்ணின் நிறம். எனக்குத் தெரியும், அதைக் கண்டால் பிறகு அதிக நேரம் இல்லை.

"வெளியாகச் சொல்லுங்க!" என்று கத்தினேன். எந்தக் கட்டளையில் என்ன எழுதியிருந்தாலும் அது மட்டும் வாயில் வந்துவிட்டது.

உள்ளே பெண்கள் கூச்சல். அறைக் கதவு திறந்தது. மருமகளின் குரல் மழைக்கு மேலே கேட்டது.

"மாமி வெளியாகிறாங்க! எல்லாரும் அங்கால திரும்புங்க!"

திரும்பினோம். அத்தனை பேரும். யாரும் யோசிக்கவில்லை. வண்டிக்காரர்கள், கடைக்காரர், என் ஆட்கள், மூத்தவரோடு பேச வந்திருந்த சிங்களப் பெரியவர் கூட, எல்லாரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து நின்றோம். அந்த ஊரில் அது அப்படித்தான். இத்தாவில் இருக்கிற ஒரு தாய் வெளியே வரும்போது எவனாவது கண்ணை எடுக்காமல் நின்றிருந்தால், மறுநாள் அவனுக்குக் கட்டுகஸ்தோட்டையில் யாரும் தண்ணீர் கொடுத்திருக்கமாட்டார்கள். நானும் திரும்பினேன். ஆறு சேறாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாழைமரம் வேரோடு உருண்டு போனது. பின்னால் சேற்றில் காலடிச் சத்தம், துணி உரசுகிற சத்தம், வண்டிக் கூண்டில் பாய் இழுத்து மூடுகிற சத்தம். அதற்குள் இன்னொரு சத்தம். பெரிதாக இல்லை. நனைந்த கோப்பி மூட்டையை ஒருவன் முதுகிலிருந்து இறக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

"சரி, திரும்புங்க" என்று மருமகள் சொன்னபோது வண்டி கண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சுவர் இருந்த இடத்தில் மண்மேடு. அறைக் கூரை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. யாருக்கும் காயமில்லை. அதற்காக நான் சாமியைக் கும்பிட்டது உண்மை. கும்பிட்டு முடிவதற்குள் காணி ஞாபகம் வந்ததும் உண்மை.

லீவு முடிந்து கோடு திறந்தது. அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இடிந்த வீடு இருவரையும் ஒன்றாக்கிவிட்டது. ஒன்றாக வந்து என் மேல் வழக்குப் போட்டார்கள். கிளாக்கர் சொன்னதுபோலவே அவர்களுடைய புறக்டர், கைமரம் கழற்றும்போது முட்டுக் கொடுக்கவில்லை, சுவரை ஆட்டிவிட்டார்கள் என்றார். என் சாட்சிகள் ஒவ்வொருவராய் ஏறினார்கள். ஜட்ஜ் துரை கேட்டதைத் துபாசி தமிழில் கேட்டார்.

"சுவர் விழும்போது நீ அங்கே நின்றாயா?"

"நின்னேன் சாமி."

"சுவர் எப்படி விழுந்தது?"

"பாக்கல்ல சாமி."

"எதைப் பார்த்தாய்?"

"ஆத்தைப் பாத்தேன்."

அடுத்தவனும் ஆற்றைப் பார்த்தவன். அதற்கடுத்தவனும். நாலாவது ஆள் ஏறினபோது கேள்வி வருமுன்னே, "நானும் ஆத்தைத்தான் சாமி" என்றான். கோட்டில் சிரிப்பு எழும்பியது. துபாசி விஷயத்தை விளக்கிச் சொன்னார். துரை தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கியது என்றே நினைக்கிறேன். விளங்கினாலும் எழுதிக்கொள்ள அதில் ஒன்றுமில்லையே. வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்ததும் கிளாக்கர் என்னைத் தனியே இழுத்தார்.

"இன்னும் ஒரு ஆள் இருக்கு. வெளியாலை வந்தது ஆர்? அந்த அம்மா. அவ உங்களைப்போலை ஆத்தைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கமாட்டா. மருமகள் வழக்குப் போட்டவரின்ரை பெண்சாதி, அவவின்ரை சாட்சி எடுபடாது. இத்தா முடிய, வீட்டிலையே திரைக்குப் பின்னாலை வைச்சு வாக்குமூலம் எடுக்கலாம். அதுக்குச் சட்டத்திலை வழியிருக்கு. போய்க் கேட்டுப் பாரும்."

அவ்வளவு நாளில் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பசி எடுத்தது.

இத்தா முடிந்தது என்று கேள்விப்பட்டதும் போனேன். அந்த அம்மா இளையவரின் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில்தான் இருந்தார். இளையவர் என்னைத் தடுக்கவில்லை. உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டார். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான்தான் பாஸ். ஒண்ணு கேக்க வந்தேங்க. சொவரு எப்படி வுழுந்திச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

"கண்டேன்." யோசிக்காமலே சொன்னார். "வாசல்ல கால் வெச்சிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாப்பா... புள்ளைகள்ட வாப்பா கட்டின வீடில்லயா. உச்சியில இருந்து கரைஞ்சு கரைஞ்சு வந்து, அப்படியே உக்காந்திட்டுது. ஆடல்ல, பொளக்கல்ல. மழைதான். உங்கட கையில பிழை இல்ல, பாஸ்."

இருந்த இடத்திலேயே கும்பிட்டேன். "இதை மட்டும் நீங்க சொன்னா போதுங்க. கோட்டுக்கு வரவேணாம். அவங்களே இங்க வந்து எழுதிக்குவாங்க."

கடை வாசலில் மகனுக்குக் கேட்காதபடி அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மழையால விழுந்திச்சு என்டு நான் செல்லினா, மழைக்கு விட்டது ஆரு என்டு கேப்பாங்களே."

"கேப்பாங்கம்மா."

"அதுக்கு நான் ஆருட பேரைச் செல்ல?"

கடை வாசலில் யாருக்கோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

"இவர்ட வீட்டில இருந்து திங்கிறேன்" என்றார். "மூத்தவர்ட வீடும் இடிஞ்சு கிடக்கு. செல்லிட்டு நான் எங்க போற?" பிறகு, "உங்களுக்குப் புள்ளைகள் ஈக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு இருக்குங்க."

"அப்ப என்னட்டக் கேக்காதீங்க, பாஸ். நான் உங்களுக்கு எதிராச் செல்லமாட்டேன். என்ட புள்ளைக்கு எதிராவும் ஏலாது."

எழுந்தேன். என்ன சொல்லிவிட்டு எழுந்தேன் என்று ஞாபகமில்லை. 'வாறேங்க' என்று சொல்லியிருப்பேன், வேறென்ன. கடை வாசலில் இளையவர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உம்மா என்ன செல்லினாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "நில்லுங்க பாஸ், கோப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். கருப்பட்டியோடு வந்தது. குடித்தேன். மறுத்திருக்கலாம் என்று வழியில் தோன்றியது, மறுத்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

அடுத்த தவணையில், வேறு சாட்சி உண்டா என்று கேட்டார்கள். கிளாக்கர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னேன். கையெழுத்துப் போட்ட வரி போட்டபடியே இருந்தது. சுவரையும் கூரையையும் என் செலவில் கட்டிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. காணி போனது. கிளாக்கர் தன் பங்குக் கூலியைக் கேட்கவில்லை. அதுதான் அந்தச் சட்டத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சகாயம்.

கூலிக்கு ஆள் வைக்கக் கையில் இல்லாததால் நானும் வீட்டுக்காரியும்தான் மண் குழைத்தோம். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை மிதித்தாள். நான் வரிச்சுக்கு மேல் அப்பிக்கொண்டு போனேன். அண்ணனும் தம்பியும் ஒரே குடையில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நல்லா அப்புங்க" என்றாள். "நம்ம காணியை வித்துல்ல இதைக் கட்டுறோம். இனி இந்த வீட்டுல நமக்கும் ஒரு பங்கு இருக்கு."

"சத்தமா பேசாத புள்ள" என்று சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று தெருவை எட்டிப் பார்த்தேன்.